தள்ளிப் போட்ட தேதிகள்

தை பிறந்ததும் என் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் செய்யவில்லை. என் கணவரைக் கேட்டால் டாக்டர் சொன்னார் என்பார். டாக்டரோ எடுத்துவிடலாம் என்றுதான் சொன்னார், எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. என் கணவரின் அக்காவிடம் கேட்டால் மட்டும் நேரான பதில் வரும். நான்தான் சொன்னேன், அதுக்கு இன்னா இப்போ என்பார்.

இரண்டாவது பிள்ளை பிறந்தபோதே எனக்குக் கருக்குழாயைக் கட்டிக் குடும்பக் கட்டுப்பாடு செய்துவிட்டார்கள். சிசேரியனுக்காக வயிற்றைத் திறந்திருந்தபோதே அந்த வேலையும் முடிந்தது. பால் குடி மறக்கும்வரை மாதவிலக்கு வரவில்லை. பிறகு வந்தது. கொஞ்ச காலம் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்கப்புறம் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் எப்போது போகும் என்றும் தெரியாது. கட்டி கட்டியாகப் போகும். முடிந்தது என்று தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் மறுநாள் மறுபடி ஆரம்பிக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கண்ணின் கீழ்ப்பக்கத்தை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பாகமாகத் திருப்பிப் பார்த்து, நல்லதை ஒரு பெட்டியிலும், கழிவை இன்னொன்றிலும், சரிசெய்யக் கூடியதை மூன்றாவதிலும் போட வேண்டும். இதையே செய்து செய்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் கண்ணில் படும். கல்யாணத்துக்குப் போனால் மேடை கோணலாக இருப்பது தெரியும், மாப்பிள்ளை தெரியமாட்டார். இதனாலேயே என் கணவர் தன் நண்பர்கள் வீட்டுக்கு என்னை அழைத்துப் போக யோசிப்பார்.

எங்கள் பிரிவில் எல்லோருக்கும் வெளிர் நீலக் கோட்டு. அதை யார் தேர்ந்தெடுத்தாரோ, அவர் நிச்சயம் ஆண்தான். அந்த நாட்களில் நான் ரப்பரைப் பார்த்ததைவிடத் திரும்பித் திரும்பி என் கோட்டின் பின்பக்கத்தைப் பார்த்ததுதான் அதிகம். பக்கத்து மேசைப் பெண்ணிடம் கண்ணால் கேட்பேன், அவள் தலையசைத்தால் மறுபடி குனிவேன். கம்பெனி பஸ்ஸில் உட்கார மாட்டேன். சீட்டு காலியாக இருந்தாலும் திருமுல்லைவாயில் தாண்டும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்தாலும் உட்காரப் பிடிக்காது. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் என்ன ஆகுமோ என்று பயம். அதனால் நடந்துகொண்டே இருந்தேன். சமையலறைக்கும் ஹாலுக்குமாக நான் நடப்பதைப் பார்த்து என் மூத்த மகன், அம்மா எதையோ தொலைத்துவிட்டாள் என்று தம்பியிடம் சொன்னானாம்.

யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். ஆபரேஷன் செய்த உடம்பு அப்படித்தான் இருக்கும். ஆவடியில் என் கணவர் வேலை செய்யும் ஃபாக்டரியின் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம், அங்கே எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. ஊருக்கு ஒரு விதமாகக் குழம்பு வைப்பார்கள், ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே பேச்சு. குழாயைக் கட்டினால் ரத்தம் தேங்கும், தேங்கினால் மொத்தமாக வரும் என்று ஒருவர் விளக்கம் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நம் வீட்டுக் குழாயில் அப்படித்தானே நடக்கிறது. நானும் நம்பினேன். நம்பியதோடு, ஆபரேஷனைத் திட்டவும் செய்தேன். என் கணவர் செய்துகொண்டிருந்தால் ஒரே நாளில் வீட்டுக்கு வந்திருக்கலாம், தழும்புகூட இருந்திருக்காது. அவரை யாரும் கேட்கவில்லை. என்னையும் முறையாகக் கேட்கவில்லை. வலியோடு கிடந்தபோது நர்ஸ் வந்து, ரெண்டு போதும்தானே என்றார். போதும் என்றேன். அவ்வளவுதான் கேள்வி பதில்.

என் நாத்தனார் மேனாம்பேட்டில் இருக்கிறார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கர்ப்பப்பையை எடுத்துச் சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் குடும்பத்தில் மாதவிலக்கைப் பற்றி யார் முனகினாலும் அக்கா தன் வயிற்றைத் தட்டிக் காட்டுவார்.

"அத்த எட்த்துப் போட்டுட்டு நிம்மதியா இரும்மா. நான் எட்த்துட்டேன், இன்னா ஆய்ட்டேன்? கல்லாட்டம் கீறேன். கோயிலா, கொளமா, எப்போ வேணா கெளம்பலாம். எவளுக்கும் பதில் சொல்ல வாணாம்."

அவர் கெட்டவர் இல்லை. என் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரித் தரையில் படுத்து எனக்குத் துணையிருந்தவர் அவர்தான். அவர் சொன்னதில் பாசம் இருந்தது என்பதால்தான் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் என் வாய் சும்மா இருந்திருக்காது.

தீபாவளி முடிந்த வாரத்தில் ரத்தப்போக்கு மிகவும் அதிகமாகி, கம்பெனியில் வரிசையில் நின்றபடியே தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். அக்காதான் தனக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, உள்சுவர் தடித்திருக்கிறது என்றார் டாக்டர். குடும்பக் கட்டுப்பாடு ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகிவிட்டது என்றதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அப்புறம் எதற்கு அதை வைத்துக்கொண்டு கஷ்டப்பட வேண்டும், எடுத்துவிடலாம் என்றார். அக்கா உடனே நாள் கேட்டார். என் கணவர் கார்த்திகையில் மாலை போடுவார், மார்கழிக் கடைசியில் மலைக்குப் போய்வந்துவிடுவார், அதனால் தை மாதம் வசதி என்று பேசி முடித்தார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அங்கிருந்து வந்ததிலிருந்து என் மனம் ஒரு நிலையில் இல்லை. எனக்கு இன்னொரு குழந்தை வேண்டாம். அந்த உறுப்பால் எனக்கு இனி ஒரு பிரயோசனமும் இல்லை என்று எல்லோரும் சொன்னது சரிதான். ஆனாலும் எனக்கு அதைக் கொடுக்க மனமில்லை. பயம் ஒரு பக்கம். கோபம் இன்னொரு பக்கம். என் உடம்புக்குள் ஒருமுறை புகுந்து கட்டினார்கள், இப்போது மறுபடி புகுந்து எடுக்கப் போகிறார்கள். இரண்டு முறையும் நாள் பார்த்தது வேறு யாரோ. சமைக்கும்போதும் அதுதான் நினைப்பு, துணி மடிக்கும்போதும் அதுதான் நினைப்பு. சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேன். பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தொகுதி முழுக்கக் கெட்டுப்போனால் அதை உடனே கழிவில் கொட்டக் கூடாது. சூப்பர்வைசர் வருவார், பாகத்தைப் பார்க்க மாட்டார். என்ன மாத்துனீங்க என்றுதான் முதல் கேள்வி. அச்சை மாற்றினார்களா, சூட்டை மாற்றினார்களா, ரப்பர் கலவை மாறியதா. நேற்றுவரை நன்றாக வந்தது இன்றைக்குக் கெட்டால் நடுவில் ஏதோ மாறியிருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் கழித்தால் நாளைக்கு வருவதும் கழிவுதான். ஒரு துண்டு ரப்பருக்கு இவ்வளவு விசாரணை நடக்கும்போது எனக்கு ஒன்றும் நடக்கவில்லையே என்று ஒருநாள் மேசை முன்னால் நின்றபோது தோன்றியது. தோன்றியதும் ஆத்திரம் வந்தது. அந்த வாரமே அரைநாள் லீவு போட்டு, யாரிடமும் சொல்லாமல், பூந்தமல்லி போய் அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துச் சென்னீர்குப்பத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். என்னோடு வேலை செய்யும் பெண் சொன்ன இடம். ஹைவேயில் லாரிகள் போகும் சத்தத்தில் உள்ளே கத்தித்தான் பேச வேண்டும். என் மாதவிலக்குக் கதையை நான் பாதி பூந்தமல்லிக்குக் கேட்கும்படி சொன்னேன்.

அந்த டாக்டரம்மாவுக்குப் பொறுமை கிடையாது. நான் குழாயில் தேங்கும் ரத்தத்தைப் பற்றி ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். குழாய் என்பது கருமுட்டை போகும் வழி, அதில் ரத்தம் ஓடுவதில்லை என்றார். மாதவிலக்கை நடத்துவது சினைப்பையும் அதில் சுரக்கும் ஹார்மோனும். குழாயைக் கட்டியது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. அதுவரை கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு அதை நிறுத்துவார்கள், நிறுத்தியதும் தங்களுடைய பழைய போக்கு திரும்பும், அதைப் பார்த்து ஆபரேஷன் கெடுத்துவிட்டது என்பார்கள். சிலருக்கு வயதால் மாறும். சிலருக்குக் கட்டி, தைராய்டு என்று வேறு காரணம் இருக்கும்.

"நீங்க முன்னாடி அந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"இப்போ வேற ஏதாவது மாத்திரை?"

இரும்புச் சத்து மாத்திரை மட்டும்தான் என்றேன். அதை நான் பொய்யாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவுகளோடு வாருங்கள், அதுவரை ஆபரேஷனுக்கு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்றார். தைராய்டு சரியாக இருந்தது. ரத்தம்தான் மிகக் குறைவு. அது எனக்கே தெரிந்ததுதான்.

கார்த்திகை பிறக்க ஒரு வாரம் இருந்தது. மழை பிடித்துக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலெல்லாம் தண்ணீர். என் கணவர் வருடா வருடம் மாலை போடுகிறவர். காலையும் மாலையும் குளிப்பார், தரையில் படுப்பார், சிகரெட்டை விடுவார், அதைவிட முக்கியமாகக் கோபத்தை விடுவார். அந்தக் காலத்தில் எல்லோரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு அதில் ஒரே சங்கடம், சாமியைத் திட்ட முடியாது. எனக்கு அந்த நாட்கள் வந்துவிட்டால் அவர் இந்த வீட்டில் இருக்கக் கூடாது, நான் சமைத்ததைச் சாப்பிடக் கூடாது. எங்கள் குவார்ட்டர்ஸில் இருப்பது ஒரு அறை, ஒரு ஹால். எங்கே ஒதுங்குவது?

அன்றைக்கு அவர் டூட்டி முடிந்து வந்து, ஈரக் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு மறுபடி வெளியே கிளம்பினார். துளசி மணி மாலை, கறுப்பு வேட்டி எல்லாம் வாங்க வேண்டும் என்றார். படியிறங்கியவர் நின்று திரும்பி வருடா வருடம் கேட்பதைக் கேட்டார்.

"அப்பிடியே மெடிக்கல்ல உனுக்கு அந்த மாத்திரையும் வாங்கினு வந்துடட்டா?"

நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

மாத்திரை. டாக்டரம்மா கேட்டது அதைத்தான். நான் இல்லை என்று சொன்னதும் அதைத்தான். மாதவிலக்கைச் சில நாள் தாமதப்படுத்துவதால் எங்கள் பக்கத்தில் அதைத் தள்ளிப் போடுகிற மாத்திரை என்போம். மெடிக்கலில் போய் மெதுவாகச் சொன்னால் பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள், சீட்டு எதுவும் கேட்க மாட்டார்கள். கற்பூரம், ஊதுபத்தி, பூ வாங்கும்போது கூடவே வாங்குகிற பொருள் அது. நோய்க்குச் சாப்பிடுவதுதான் மாத்திரை என்று என் மண்டையில் பதிந்திருந்தது. இது பூஜைச் சாமானில் சேர்ந்துவிட்டது.

வாங்க வேண்டாம், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டு ஹாலில் நின்றேன். நடக்கக்கூடத் தோன்றவில்லை. எப்போதிலிருந்து என்று யோசித்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் நான் அதைத் தொட்டதே இல்லை. அப்போதெல்லாம் தேதி எனக்கு உயிர். ஒரு நாள் தள்ளிப் போனாலும் தங்கிவிட்டதோ என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன். வந்துவிட்டால் கோயிலுக்குப் போக முடியாவிட்டாலும் அப்பாடா என்று இருக்கும். அப்படிப்பட்ட தேதியை யாராவது மாத்திரை போட்டு நகர்த்துவார்களா? குழாயைக் கட்டிய பிறகு அந்தப் பயம் போய்விட்டது. இனி தேதி தப்பினாலும் ஒன்றும் இல்லை, அதனால் எங்கே வேண்டுமானாலும் தள்ளி வைக்கலாம் என்று ஆகிவிட்டது. முதல்முறை வாங்கப் போனபோது மெடிக்கல்காரர், உண்டாகியிருக்க வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டார். ஆபரேஷன் ஆகிவிட்டது என்றேன். அதற்கப்புறம் அவர் எதையும் கேட்டதில்லை.

கார்த்திகையிலும் மார்கழியிலும் மாலைக்காக. பொங்கலுக்கு வந்துவிடக் கூடாதே என்று தையில். ஆடியில் கூழ் ஊற்றுவதற்காக. ஆயுத பூஜைக்கு, தீபாவளிக்கு, பக்கத்து பிளாக்கில் நடந்த கிரகப்பிரவேசத்துக்கு. அக்காவின் மகள் பெரியவளானபோது மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். மாமி முறை நான்தான், நலங்கு வைக்க நான் வராமல் இருக்க முடியாது. எனக்கு அந்த வாரம்தான் நாள். ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு வந்ததை ஊரைக் கூட்டிக் கொண்டாடுகிற இடத்துக்கு, என்னுடையதை மாத்திரை போட்டு நிறுத்திவிட்டுப் போனேன். பட்டுப்புடவை கட்டி, சிரித்துக்கொண்டு, சந்தனம் பூசினேன். அன்றைக்கு அதில் எனக்கு ஒன்றும் விநோதமாகத் தெரியவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் என் உடம்பு மாறியது என்பது உண்மை. ஆனால் அது கண்ணில் பட்டவுடன் நான் அதோடு நிறுத்திவிட்டேன். இன்னொரு மாற்றம் இருக்கிறதா என்று தேடவில்லை. ரப்பரில் இப்படிச் செய்தால் சூப்பர்வைசர் கிழித்திருப்பார்.

மறுநாளே சென்னீர்குப்பம் போய்ச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனை தடவை என்று கேட்டார், எண்ணியதில்லை என்றேன். கேட்டேனே, ஏன் சொல்லவில்லை என்றார். அது மாத்திரை என்று எனக்குத் தோன்றவே இல்லை என்றேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். யாருக்குமே தோன்றுவதில்லை என்றார் அலுப்பாக. எப்போதாவது ஒருமுறை சாப்பிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் அதுவும் ஹார்மோன்தான், வருகிறதைப் பிடித்து நிறுத்தி, விட்டதும் கொட்ட வைப்பது. வருஷம் முழுக்க இப்படி இழுத்தும் விட்டும் செய்தால் உடம்புக்குத் தன் கணக்கே மறந்துபோகும் என்றார். எனக்கு அது மட்டும்தான் காரணம் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. மாத்திரையை நிறுத்திச் சில மாதம் பார்ப்போம், மறுபடி ஸ்கேன் எடுப்போம், எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் நானே சொல்வேன் என்றார். வெளியே வந்து ஹைவே ஓரம் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இளநீர் விற்றவர் பார்த்துவிட்டு ஒன்றை வெட்டி நீட்டினார். அழுதுகொண்டே குடித்தேன்.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் மாலை போடுவதற்கு முந்தின நாளாகப் பார்த்துச் சொன்னேன், அப்போதுதானே சண்டை போட முடியும். இந்த வருடம் மாத்திரை கிடையாது, வந்தால் வரட்டும் என்றேன். தையில் ஆபரேஷனும் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. அப்போ நான் எங்கே போவேன் என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் வயிற்றை அறுக்கிற பேச்சு நடக்கிறது, இவருக்குப் படுக்கிற இடம்தான் கவலை. அதைச் சொல்லியும்விட்டேன். அதற்கு அவர் மெதுவாக, அந்த மாத்திரையால்தான் உனக்கு இப்படி ஆனது என்றால் வருடா வருடம் வாங்கிக் கொடுத்தது நான்தானே என்றார். அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை.

கார்த்திகை நடுவில் வந்தது. அவர் இரண்டு வேட்டியையும் ஒரு பாயையும் சுருட்டிக்கொண்டு அடுத்த பிளாக்கில் இருந்த இன்னொரு சாமியின் வீட்டுக்குப் போனார். நான் பயந்த மாதிரி வானம் இடிந்து விழவில்லை. ரத்தம் அதிகம்தான், ஆனால் முன்பு போலக் கட்டி இல்லை. மார்கழியில் அக்கா வீட்டில் பூஜை. எங்கள் குடும்பச் சாமிகள் எல்லோரும் கூடிப் பஜனை பாடி, அன்னதானம் நடக்கும். அந்த வேலையில் பாதி என் தலையில்தான் இருக்கும். பூஜையன்று காலையில் எனக்கு வந்துவிட்டது.

அக்காவுக்குப் போன் செய்து, எனக்கு வந்துவிட்டது, பூஜைக்கு நான் வர முடியாது என்றேன். அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. நான் அந்த மாத்திரையையும் டாக்டரம்மா சொன்னதையும் ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தேன். அப்போது அவர், டாக்டருங்க ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க என்று தட்டிவிட்டார். இப்போது சட்டென்று போனை வைத்துவிட்டார். கோபம் என்று நினைத்தேன். நாள் முழுக்கக் கால் நிலைகொள்ளவில்லை. பஜனையில் யார் கோலம் போட்டிருப்பார்கள், யார் வடை தட்டியிருப்பார்கள், என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று ஹாலை அளந்துகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு முன்னால் கதவு தட்டப்பட்டது. அக்கா நின்றிருந்தார். தலையில் காலையில் வைத்த பூ வாடியிருந்தது, கையில் ஒரு டப்பா. நான் விலகி நின்றேன், அவர் விலகவில்லை. உள்ளே வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்து மேசைமேல் வைத்தார். பூஜையில் வைத்த சர்க்கரைப் பொங்கல். இப்படிப்பட்ட நாளில் அதை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

"எப்டி போவுது?" என்றார்.

பரவாயில்லை, சாதாரணமாகத்தான் போகிறது என்றேன். கட்டி இல்லையா என்றார். இல்லை என்றேன். தலை சுற்றல்? இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார், எனக்கு இருந்ததையெல்லாம் வரிசை மாறாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் தன் வயிற்றில் கையை வைத்தார். எப்போதும் தட்டுவதுபோலத் தட்டவில்லை, வெறுமனே வைத்திருந்தார்.

"எங்கூட்டுக்காரரு எத்தினி வருசமா மால போட்டாரு, உனுக்கே தெரியும். அப்போலாம் நானும் அத்தத்தான் போட்டுகினு இருந்தேன். அல்லாத்துக்கும் போடுவேன். என்னை யாரும் இன்னா மாத்திர சாப்புடறேன்னு கேக்கல."

உங்களுக்கு வேறு காரணமாகக்கூட இருந்திருக்கலாம் அக்கா என்றேன். அது உண்மையும்கூட, யாருக்குத் தெரியும். அவர் தலையாட்டினார், நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று தெரிந்த தலையாட்டல். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே ஃபாக்டரி பஸ் வந்து நின்று ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது.

கிளம்பும்போது அக்கா கைப்பையைத் திறந்து, பேப்பரில் மடித்த ஒன்றை எடுத்தார். பிரிக்காமலே எனக்குத் தெரிந்தது. இன்றைய பூஜைக்காகத் தன் மகளுக்கு வாங்கியதாம். அவளுக்கும் இந்த வாரம்தான் நாளாம். கொடுத்தீர்களா என்று கேட்டேன். காலையில் என் போன் வந்த பிறகு கொடுக்கவில்லை, மத்தியானம் அவளுக்கும் வந்துவிட்டது, மாடியில் தன் அறையில் இருந்தாள், யாரும் செத்துப்போகவில்லை என்றார். பொட்டலத்தை என் கையில் வைத்து அழுத்தினார்.

"இத்த நீயே வெச்சிக்க. எங்கூட்ல இருந்தா, அடுத்த பூஜைக்கு நானே எட்த்துக் குட்த்துருவேன்."

அவர் படியிறங்கிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கதவைச் சாத்தி, உட்கார்ந்து பொங்கலைச் சாப்பிட்டேன்.